பழ ஈயின் மறுப்பு



கனிந்து மிகுந்த வாழைக்குலையின் மேலும், பிளந்து வைத்த பலாச்சுளைகளின் மேலும், பனையிலிருந்து இறக்கிவைத்த கள்ளு முட்டியின் வாயிலும் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களை நீங்கள் அறிவீர்கள். கையை வீசினால் கலையும். வீசிய கை ஓய்வதற்குள் மீண்டும் கூடும். வீட்டில் நாம் இலையான் என்று வழங்கும் பெரிய ஈயின் குஞ்சுகளே இவை என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. சிறகு முளைத்த ஈ அதன்பின் வளர்வதில்லை. சிறிய ஈ என்றும் சிறிய ஈயே. மாங்காயையும் பாகற்காயையும் துளைத்து முட்டையிட்டுக் கமக்காரனுக்கு நட்டம் விளைவிக்கும் ஈயும் இதுவன்று. அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட ஈ, நல்ல காயைத் தீண்டுவதில்லை. அழுகிப் புளிக்கும் பழத்தில் வளரும் மதுவத்தையே அது நாடி வருகின்றது. துரோசோபிலா மெலனோகாஸ்ரர் என்பது விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர். பனித்துளியை விரும்புவது, கரிய வயிறுடையது என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். மூன்று மில்லிமீற்றர் நீளமும் இல்லாத ஓர் உயிருக்கு இவ்வளவு நீண்ட பெயர்.

இப்பூச்சியை ஆராய்ச்சிசாலைக்குள் பெருமையோடு அழைத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவிலே கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய தோமஸ் ஹண்ட் மோர்கன் என்பவர். செந்நிறக் கண்களுக்குப் பதிலாக வெண்ணிறக் கண்களோடு பிறந்த ஓர் ஆண் ஈயை 1910ஆம் ஆண்டில் அவர் கண்டார். அந்த ஒரே ஈயின் சந்ததியைத் தொடர்ந்து எண்ணிச் சென்றதன் பயனாக, பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களில் அமைந்திருக்கின்றன என்ற உண்மை நிலைநாட்டப்பட்டது. 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முட்டை ஈயாவதற்குப் பத்து நாள்கள் போதும், பாற்போத்தல் ஒன்றினுள் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம், செலவு அற்பம். ஏழை விஞ்ஞானிக்கு இதனினும் இணக்கமான விலங்கு கிடைப்பது அரிது.

மரபியலுக்காக ஈக்களைச் சோடி சேர்த்தவர்களின் கண்ணில், கேளாமலே மற்றொரு செய்தியும் பட்டது. கன்னி ஈ ஆணை ஏற்கின்றது. ஒரு முறை கூடிய ஈயோ ஆணை மறுக்கின்றது. இந்த மாற்றம் எதனால் நேர்கின்றது என்பதே இன்று நமக்குப் பொருள். குடும்பத்தோடு இருந்து கேட்கும் பேச்சில் இது தகுமோ என்று சிலர் ஐயுறலாம். பசு கன்றீனும் தொழுவத்திலும் கோழி அடைகாக்கும் கூட்டிலும் நம் பிள்ளைகள் கற்பதனினும் கூடுதலாக இதில் எதுவும் இல்லை.

முதலிற் கன்னி ஈயைப் பார்ப்போம். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த முதல் நாளில் அதுவும் ஆணை விலக்கியே வைக்கின்றது. உடல் இன்னும் முதிரவில்லை. இரண்டு மூன்று நாள்கள் சென்றபின் நிலைமை மாறுகின்றது. ஆண் ஈ அதன் பக்கம் திரும்பி நிற்கும், பின்தொடரும், முன்னங்காலால் மெல்லத் தட்டும். அந்தத் தட்டல் வெறும் தொடுகை அன்று. ஈக்குக் காலிலும் சுவையறியும் உறுப்புகள் உண்டு; பெண்ணின் மேனியிற் படிந்துள்ள மெழுகு போன்ற பொருள்களைச் சுவைத்து, தன் இனம்தானா, பெண்தானா என்று அது அறிந்துகொள்கின்றது. அடுத்து ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர்க்கும். அதுதான் அதன் பாட்டு. நம் செவிக்கு எட்டாத அப்பாட்டிற் சிறு துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள காலம் ஒரு செக்கனை ஆயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ 35 கூறு. நெருங்கிய உறவுடைய வேறொரு பழ ஈ இனத்தில் இவ்விடைவெளி இதனிலும் நீண்டது. தாளம் பிசகினால் வேற்றினத்தான் என்று பெண் அறியும்.

கன்னி ஈ பாட்டைக் கேட்டு நடையைத் தளர்த்துகின்றது; நின்று நின்று செல்கின்றது; இறுதியில் உடலின் பின்முனையிலுள்ள தகடுகளை விரித்து ஆணுக்கு இடங்கொடுக்கின்றது. கூடல் பதினைந்து இருபது நிமிடம் நீடிக்கும். இதிற் பெண் வெறுமனே நிற்பதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பெண் தகடுகளை விரித்தாலன்றி ஆண் எவ்வளவு பாடினும் பயனில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று.

கூடல் முடிந்து சில மணி நேரம் கழித்து அதே பெண்ணிடம் மற்றோர் ஆணை விட்டுப் பாருங்கள். ஆண் முன்போலவே தட்டும், பாடும். பெண் ஓடும், சிறகை உதறும், பின்னங்காலால் உதைக்கும். எல்லாவற்றிலும் உறுதியான மறுப்பு ஒன்றுண்டு. முட்டையிடும் குழாயை உடலின் பின்முனையிலிருந்து வெளியே நீட்டிக் காட்டும். அது நீண்டிருக்கும் வரையில் ஆண் சேர இயலாது. இங்கே வியப்பு என்னவெனின், மறுப்பைத் தூண்டுவதும் அதே பாட்டுத்தான். கன்னிக்குத் தகடுகளைத் திறக்கச் செய்யும் ஓசை, கூடிய பெண்ணுக்குக் குழாயை நீட்டச் செய்கின்றது. செவியிலே மாற்றமில்லை, கேட்ட செய்தியை உள்ளே பொருள் கொள்ளும் முறையில்தான் மாற்றம்.

மறுப்போடு இது நிற்பதில்லை. முன்னர் ஒன்றிரண்டு முட்டைகளை மட்டும் இட்ட பெண், நல்ல உணவு கிடைப்பின் நாளொன்றுக்குப் பல பத்து முட்டைகளை இடத் தொடங்குகின்றது. கூடுதலாக உண்கின்றது, முட்டை உருவாவதற்கு வேண்டிய புரதத்தைத் தரும் மதுவத்தின் மேல் விருப்பம் மிகுகின்றது. கன்னியாக இருந்த காலத்தில் நண்பகலிற் கொண்ட உறக்கத்தையும் பெரிதும் விட்டுவிடுகின்றது. தாய்மை என்று நாம் அழைக்கும் நிலையின் அலுவல்கள் அனைத்தும் ஒரே நாளில் அதன் தலையில் வந்து அமர்கின்றன.

இதற்குக் காரணம் யாது? இசைவுடன் ஒரு முறை கூடினோம் என்ற நினைவா? உடலிற் புகுந்த பொருளா? எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்ரி மானிங் 1962ஆம் ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில் இவ்வினாவை முறையாகப் பிரித்து ஆராய்ந்தார். கூடலினாலேயே உண்டாகும் குறுகிய கால விளைவு ஒன்று. உள்ளே சேமிக்கப்பட்ட விந்தணுக்களினால் நீடிக்கும் விளைவு மற்றொன்று. விந்தணு இல்லாத ஆணோடு கூடிய பெண்ணும் மறுக்கத்தான் செய்கின்றது. ஆனால் ஓரிரு நாளிலே அம்மறுப்புத் தளர்ந்துவிடுகின்றது. விந்தணு பெற்ற பெண்ணோ ஒரு வாரமளவும் மறுத்து நிற்கின்றது. ஆகவே இரண்டு காரணங்கள் உள என்று அக்காலத்திற் கொள்ளப்பட்டது.

பின்னர் அவ்விரண்டும் ஒன்றாயின. ஆண் ஈயின் உடலிலே விந்தணுவை ஆக்கும் உறுப்போடு துணைச் சுரப்பி ஒன்றும் உண்டு. விந்தோடு அதன் சாறும் கலந்து பெண்ணை அடைகின்றது. சூரிச் நகரப் பல்கலைக்கழகத்தில் சென் முதலானோர் அச்சாற்றிலிருந்து ஒரு சிறு புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்து 1988இல் வெளியிட்டனர். முப்பத்தாறே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம் அது. ஆணையே காணாத கன்னி ஈயின் உடலில் அதனை ஊசியால் ஏற்றினர். அவ்வளவே! கன்னி ஈ ஆணை உதைத்துத் தள்ளிற்று; முட்டையிடத் தொடங்கிற்று. கூடலும் இல்லை, விந்தணுவும் இல்லை. நடத்தை மட்டும் கூடிய பெண்ணின் நடத்தை.

ஊசியால் ஏற்றிய மருந்தின் வலிமை ஒரு நாளளவிற் குன்றிவிடுகின்றது. இயற்கையில் ஒரு வாரம் நீடிப்பது எங்ஙனம்? இதற்கு விடை 2003க்கும் 2005க்கும் இடையிற் கிடைத்தது. அந்தப் புரதச் சரம் தன் ஒரு முனையால் விந்தணுவின் வாலைப் பற்றிக்கொள்கின்றது. பெண்ணின் உடலிலே விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் பைகள் உள்ளன. அவற்றுள் அடங்கிய விந்தணுக்களிலிருந்து சரத்தின் மறு முனை சிறிது சிறிதாக வெட்டுண்டு, நாள்தோறும் கசிந்துகொண்டிருக்கின்றது. விந்தணு செலவாகத் தீரத் தீர மருந்தும் தீர்கின்றது. மருந்து தீர்ந்தபின் பெண் மீண்டும் ஆணை ஏற்கின்றது. கணக்குப்பிள்ளை ஒருவரை அமர்த்தினாலும் இருப்பையும் செலவையும் இவ்வளவு சரியாக ஒப்பு நோக்கமாட்டார்.

சரம் சென்று சேரும் இடத்தை வியன்னாவிலே பரி டிக்சனின் ஆராய்ச்சிக் குழுவினர் 2008இற் கண்டுபிடித்தனர். சரம் திறவுகோல் எனின், அது பொருந்தும் பூட்டு ஒன்று பெண்ணின் நரம்புக் கலங்களில் உள்ளது. அப்பூட்டு இல்லாமற் பிறக்கச் செய்த பெண் ஈக்கள், கூடிய பின்னரும் கன்னியரைப் போலவே ஆணை ஏற்றன. அடுத்த சில ஆண்டுகளில், கருப்பையை ஒட்டியுள்ள விரல்விட்டு எண்ணத்தக்க சில நரம்புக் கலங்களே இதிற் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதும் தெரியவந்தது. கன்னி ஈயில் அவை ஓயாது மேலே மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. திறவுகோல் வந்து பொருந்தியதும் அச்செய்தி அடங்குகின்றது. ஆகவே கூடலின் பின் மூளைக்குப் புதிய கட்டளை எதுவும் சென்று சேர்வதில்லை. அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த ஒரு குரல் நின்றுபோகின்றது.

எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகத் தோன்றியது இனிச் சொல்வதுதான். அந்தப் பூட்டு, திறவுகோலுக்கு முற்பட்டது. அதே வகைப் பூட்டு நுளம்பிலும் வேறு பல பூச்சிகளிலும் இருக்கின்றது. அவற்றிடம் இந்தப் பாலியற் சரம் இல்லை. பூச்சிகளின் உடலில் வேறு அலுவல்களுக்காகச் சுரக்கும் பழைய புரதத் துணுக்குகள் சில உள. பூட்டு முதலில் அவற்றுக்கு உரியதாய் இருந்தது என்பது 2010இல் வெளியான ஆய்வுகளாற் புலனாயிற்று. பழ ஈயின் ஆண்வழி, பெண்ணின் வீட்டிலே முன்னமே இருந்த ஒரு பூட்டுக்குப் பொருந்தும் திறவுகோலைக் காலப்போக்கிலே பெற்றுக்கொண்டது.

அப்படியாயின் இந்த மறுப்பு யாருடைய நன்மைக்கு? பெண்ணுக்குப் போதிய விந்தணு கிடைத்துவிட்டது. இனி ஆண்களோடு பொழுதைப் போக்காமல் முட்டையிடுவது அதற்கும் நன்றே எனலாம். ஆணுக்கோ நன்மை வெளிப்படை. பின்னர் வரும் ஆணின் விந்து முன்னவனுடையதைப் பெரும்பாலும் இடம்பெயர்த்துவிடுமாதலின், பெண் எவ்வளவு காலம் மறுக்கின்றதோ அவ்வளவு காலம் பிறக்கும் பிள்ளைகள் முதல்வனின் பிள்ளைகள். ஆனால் துணைச் சுரப்பியின் சாறு பெண்ணுக்குக் கேடும் செய்கின்றது. அதனை மிகுதியாகப் பெறும் பெண் ஈக்களின் வாழ்நாள் குறைகின்றது என்பதைத் திரேசி சப்மன், லிண்டா பார்ட்றிட்ஜ் முதலியோர் 1995இற் காட்டினர்.

அமெரிக்காவில் வில்லியம் றைஸ் என்பார் 1996இல் வெளியிட்ட பரிசோதனை இதனினும் கூரியது. ஆண்கள் தலைமுறை தோறும் மாறிவரவும், பெண்கள் மாறாதிருக்கவும் அவர் ஒரு சூழ்ச்சி செய்தார். ஏறத்தாழ நாற்பது தலைமுறை கழிந்தபோது ஆண்கள் போட்டியிலே தேர்ந்தவர்களாயினர். அவர்களோடு கூடிய பெண்கள் முன்னிலும் விரைவில் மடிந்தன. அவரே ஹொலண்ட் என்பாரோடு சேர்ந்து 1999இல் இதன் மறுதலையையும் காட்டினார். ஒருவனுக்கு ஒருத்தி என்று நாற்பத்தேழு தலைமுறை சோடி கட்டி வளர்த்தபோது, ஆணின் கேடு குறைந்தது. பெண்ணின் எதிர்ப்பும் குறைந்தது. கேடு செய்யும் ஆணைப் பெண்ணின் ஆயுள் குறைவது தண்டிக்கின்றது. ஒரே துணையாகிவிட்டால் அவளுடைய இழப்பு அவனுக்கும் இழப்பல்லவா?

பெண் ஈ இதில் வெறும் களமாக இருக்கின்றது என்றும் எண்ணற்க. கூடலின்போது ஆண் தன் வாசனைப் பொருள் ஒன்றையும் பெண்ணிடம் விட்டுச் செல்கின்றது. பிற ஆண்களை விலக்கும் வாசனை அது. அது படிந்த அடைப்பினைப் பெண் சில மணி நேரத்திலே தானாகவே வெளியேற்றி, ஆண்களைக் கவரும் தன் இயல்பை மீட்டுக்கொள்கின்றது என்பது 2016இல் வெளியான ஆய்வின் முடிபு. காட்டில் வாழும் ஒரு தாய் ஈயின் பிள்ளைகளைச் சோதித்தால் தந்தையர் பலராக இருப்பதும் கண்டறியப்பட்டதே.

மறுக்கப்பட்ட ஆணின் கதையையும் சிறிது சொல்லவேண்டும். கூடிய பெண்ணிடம் ஒரு மணி நேரம் உதைபட்ட ஆண், பின்னர் ஏற்கத்தக்க கன்னியிடம் விடப்பட்டாலும் சில மணி நேரம் நாட்டமின்றி இருக்கின்றது. 1979இல் சீகல், ஹோல் இருவரும் இதனை எடுத்துக்காட்டினர். ஈயும் பாடம் படிக்கின்றது என்பதற்கு இது ஒரு சான்று. 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், பல நாள் தொடர்ந்து மறுக்கப்பட்ட ஆண் ஈக்கள் மதுசாரம் கலந்த உணவையே மிகுதியாக நாடின. கள்ளு முட்டியை மொய்க்கும் ஈக்களுள் எத்தனை இவ்வகையினவோ!

பாருங்கள், என் நாவும் வழுக்கத்தான் பார்க்கின்றது. 'கன்னி' என்றேன், 'மறுப்பு' என்றேன். தமிழ் அகப்பொருள் படித்தவனுக்கு, பரத்தையிடமிருந்து மீண்ட தலைவனுக்குத் தலைவி வாயில் மறுக்கும் துறை உடனே நினைவுக்கு வரும். அத்தலைவி காரணம் அறிந்து மறுக்கின்றாள். காரணத்தைச் சொல்லியும் காட்டுகின்றாள். ஈயிடம் அதனைக் காண்பது நம் மொழியின் செயலேயன்றி ஈயின் செயலன்று. மொழி இல்லாமற் பேச முடியாது. ஆயினும் சொல்லுக்குப் பின்னே மனிதன் ஒளிந்துவந்து ஈக்குள் புகுந்துகொள்வதும், பின் ஈக்குள்ளிருந்து சட்டமாக வெளிவருவதும் நடக்கின்றன. பள்ளிக்கூடத்திலே, பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்த வரும் பெற்றோர் சிலர், 'இயற்கையே அப்படித்தானே வைத்திருக்கிறது' என்று என்னிடம் வாதித்ததுண்டு. படித்தவர்களாயின் விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு அழைப்பார்கள்.

அவ்வாறு அழைக்கப்படும் சாட்சிகளுள் இந்தப் பழ ஈயும் ஒன்று. 1948இல் பேற்மன் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், பல ஆண் பெண் ஈக்களை ஒரே போத்தலில் அடைத்து, எந்த ஈக்கு எத்தனை துணை, எத்தனை பிள்ளை என்று கணித்தார். துணை கூடக்கூட ஆணுக்குப் பிள்ளைகள் பெருகும். பெண்ணுக்கு ஒரு துணைக்குமேல் பயனில்லை. ஆகையால் ஆண் ஆர்வமுள்ளது, பெண் ஒதுங்கி நிற்பது என்பது அவர் முடிபு. மனிதருக்கும் அது பொருந்தும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. பாடநூல்கள் அதனைப் பல்லாண்டு எடுத்தோதின. அக்காலத்தில் தந்தையைக் கண்டறியும் இரசாயனச் சோதனைகள் இல்லாமையால், சுருண்ட சிறகு, சிறுத்த கண் போன்ற வெளிக்குறிகள் உள்ள ஈக்களையே அவர் பயன்படுத்தினார். தாயின் குறி, தந்தையின் குறி இரண்டையும் பெற்ற பிள்ளைகளிலிருந்தே சோடிகளை அறியவேண்டும். அப்படி இரட்டைக் குறி பெற்றவையோ வளருமுன் மிகுதியாக இறந்தன. பற்றிசியா கொவாற்றி என்பாரும் துணைவர்களும் அப்பரிசோதனையை மீண்டும் செய்து 2012இல் இதனை வெளிப்படுத்தினர். பேற்மனின் கணக்கிலே தந்தையருக்கு உரிய பிள்ளைகள் தாயருக்கு உரிய பிள்ளைகளைக் காட்டிலும் கூடுதலாக இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாயும் ஒரு தந்தையுமே உண்டு. இரு தொகையும் சமமாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு மாணவனும் பிடிக்கத்தக்க இந்த முரண், அறுபதாண்டுகளாக எடுத்துக்காட்டப்படாமலே இருந்தது. விரும்பிய முடிபைச் சொல்லும் கணக்கை யாரும் திரும்பக் கூட்டிப் பார்ப்பதில்லை போலும்.

இத்தனை ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவருக்கு நுளம்பைக் காட்டலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் பெண்ணும் பெரும்பாலும் ஒரு முறை கூடியபின் மறுப்பதே. ஆணின் துணைச் சுரப்பியே அதற்கும் காரணம் என்று ஜோர்ஜ் கிரெய்க் 1967இல் எடுத்துரைத்தார். எனினும் பழ ஈயின் சரம் வேறு, நுளம்பின் சாறு வேறு. 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 180,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது.

மலடாக்கிய ஆண்களைப் பெருந்தொகையாக வளர்த்து வெளியே விட்டால், அவற்றோடு கூடிய பெண்கள் பயனற்ற முட்டைகளையே இடும் என்பது எட்வர்ட் நிப்லிங் என்னும் அமெரிக்கர் கண்ட வழி. கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஒருவகை ஈயைக் கியூறசோ என்னும் தீவிலிருந்து 1954இல் அவ்வழியால் ஒழித்தார்கள். அந்த ஈயின் பெண் ஒரு முறைதான் கூடும் என்பது அவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தது. மத்தியதரைப் பழ ஈயிலோ, மலட்டு ஆணோடு கூடிய பெண் மறுமுறையும் ஆணை ஏற்பது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகையால் மலட்டு ஆண்களை வளர்ப்போர், எத்தனை கோடி விடுகின்றோம் என்பதோடு, கூடிய பெண் அதன்பின் எத்தனை நாள் மறுக்கின்றது என்பதையும் கூண்டிலே வைத்து எண்ணிப் பார்க்கிறார்கள்.